ஃபோர்ட் கொச்சில "நூறு ரூபாய்க்கு எல்லா இடமும்" ஆட்டோ, உஷார் மக்களே

கொச்சிக்கு கார்ல போற பிளான் இருக்கவங்க, முக்கியமா பெரியவங்க குழந்தைங்களோட போறவங்க இத படிச்சிட்டு கிளம்புங்க.

நாங்க கோயம்புத்தூர்ல இருந்து பாலக்காடு, திருச்சூர் வழியா கொச்சி வந்து, ஒருநாள் நிதானமா சுத்திட்டு மறுநாள் ஆலப்புழை போறதா இருந்தோம். வியாழக்கிழமை காலைல காரை லாட்ஜ்லயே விட்டுட்டு சீன வலை, பீச், புனித பிரான்சிஸ் சர்ச்னு நடந்தே பாத்தாச்சு. வாஸ்கோடகாமா 1524ல செத்தப்ப அந்த சர்ச்லதான் புதைச்சாங்க, பின்னாடி எலும்பை போர்ச்சுகலுக்கு எடுத்துட்டு போயிட்டாங்க, இப்ப கல்லு மட்டும்தான் இருக்கு. அதுவரைக்கும் அருமையான நாள்.

வெளிய வந்தா வெயிலு புழுக்கம், சட்டை முதுகோட ஒட்டிக்கிச்சு. அந்த நேரம் பாத்து ஒரு ஆட்டோக்காரர், தமிழ் நல்லாவே பேசுறாரு, "அண்ணா, மட்டாஞ்சேரி டச்சு பேலஸ், ஜூதப்பள்ளி (யூதர் கோயில்) எல்லாம் காமிச்சு திரும்ப இங்கயே விடுறேன், நூறு ரூபா போதும்"னாரு. ரெண்டு மூணு கிலோமீட்டர்தானே, ரேட்டு சரியாத்தான் பட்டுச்சு.

ஏறுன கொஞ்ச நேரத்துல வண்டி ஒரு எம்போரியம் வாசல்ல நிக்குது. "வாங்கவே வேணாம்ணா, பத்து நிமிஷம் உள்ள சும்மா பாருங்க, எனக்கு கூப்பன் கிடைக்கும்"ங்கிறாரு. பாவம்னு போனோம். அப்புறம் இன்னொரு கடை, கம்பளம் சால்வை. அப்புறம் மசாலா கடை. பேலஸ் எப்பங்கன்னு கேட்டா "இப்ப லஞ்ச் டைம், போனாலும் பூட்டிருக்கும்"னு ஒரே பதில். யூதர் கோயில் மதியம் 1ல இருந்து 3 வரைக்கும் மூடுறது நெசம்தான், அந்த ஒரு நெசத்த வச்சே சாயங்காலம் வரைக்கும் நம்மள கடை கடையா ஓட்டிட்டாரு.

மசாலா கடைல எங்கயும் விலை போர்டு இல்ல. அத்தை ஏலக்காய் கேட்டாங்க, மூடி தொறந்து காமிச்சது பச்சைப்பசேல்னு வாசனையா இருந்துச்சு, கட்டி குடுத்தது வேற. ராத்திரி லாட்ஜ்ல பிரிச்சா மேலாக்க மட்டும் நல்ல காய், அடில எல்லாம் வெளுத்து வெடிச்ச சக்கை. பில்லு கேட்டதுக்கு துண்டு சீட்டுல மொத்தத் தொகை எழுதி நீட்டுனாங்க, கடை பேரு கூட இல்ல. இந்த மாதிரி ஆட்டோ கூட்டிட்டு வர்ற கடைல நாம குடுக்கற விலைல டிரைவர் கமிஷனும் சேர்ந்துதான் இருக்கும்.

கடைசியா மட்டாஞ்சேரி போய் சேர்றப்ப 5 மணி தாண்டிருச்சு, ரெண்டும் பூட்டு. அரண்மனை சுவர்ல இருக்கற ராமாயண ஓவியம் பாக்கணும்னு வீட்டுக்காரம்மா ஊர்லயே சொல்லிட்டு வந்தாங்க. மறுநாள் காலைல வரலாம்னா வெள்ளிக்கிழமை பேலஸ் லீவாம்! எனக்கு காசு போனத விட இதுதான் எரியுது.

இறங்குறப்ப நூறு ரூபா நீட்டுனா "அது ஒரு எடத்துக்குண்ணா, வெயிட்டிங் வேற இருக்கு"ன்னு அறுநூறு கேட்டாரு. கத்தி, பேசி, குழந்தை தூங்கி வழியுதுன்னு நானூறு குடுத்து முடிச்சோம்.

போறவங்க காலைல பத்து மணிக்கெல்லாம் நேரா மட்டாஞ்சேரி போயிடுங்க, ஒன்வேக்கு மட்டும் ஆட்டோ பேசுங்க, "கடைக்கு வரமாட்டோம்"னு ஏறும்போதே சொல்லிடுங்க. பேலஸும் யூதர் கோயிலும் பக்கத்து பக்கத்துலதான், நடந்தே பாக்கலாம். சனிக்கிழமை யூதர் கோயில் கிடையாது, வெள்ளி பேலஸ் கிடையாது, அதனால வீக்கெண்டுன்னா ஞாயித்துக்கிழமையா வச்சுக்கோங்க.