கோத்தகிரி வாடகை நூலகம்: அந்த ஒரு அலமாரிக்காகப் போகலாம்

கோத்தகிரி பஸ் ஸ்டாண்டுக்கு மேலே படியேறினால், ஒரே அறையில் இந்த வாடகை நூலகம். டெபாசிட் 300 ரூபாய், புத்தகத்துக்கு வாரம் 15. தேயிலை ஃபேக்டரியில் கொழுந்து எடை எழுதும் எனக்குக் கட்டுப்படியாகிறது.

நாவல், ஜோசியம், சமையல் எல்லாம் மற்ற இடங்களைப் போலத்தான். சிறுகதை அலமாரி வேறு. நடத்துபவர் அதைக் கால வரிசையில் அடுக்கியிருக்கிறார். இடது ஓரத்தில் ஐரிஷ் எழுத்தாளர் ஜேம்ஸ் ஜாய்ஸின் ‘டப்ளினர்ஸ்’, 1914. ஒட்டினாற்போல வ.வே.சு. ஐயர், ‘குளத்தங்கரை அரசமரம்’ 1915. ஒரு வருஷம்தான் வித்தியாசம், ஆனால் ஜாய்ஸ் பாதியிலேயே எழுந்து போய்விடுகிறார். ஐயரின் மரமோ நம்மை உட்காரவைத்து, ருக்மிணிக்கு என்ன ஆனது என்பதுவரை சொல்லி முடிக்கிறது.

அடுத்த தட்டு மணிக்கொடிக்காரர்கள். 1933இல் தொடங்கிய அந்தப் பத்திரிகை, 1935இல் பி.எஸ். ராமையா கைக்கு வந்து சிறுகதை இதழானது. இங்கேதான் சம்பவம் குறைந்து, கதை மனசுக்குள் இறங்குகிறது. கு.ப. ராஜகோபாலனின் ‘விடியுமா?’வில் ஒரு தந்தி, ஒரு ராத்திரி ரயில், அக்கா, தம்பி. அவ்வளவுதான், ஆனால் நம்பிக்கை ஏறி இறங்குவதைப் படிக்கிறவர் வயிற்றில் உணரலாம். புதுமைப்பித்தனோ ‘கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்’ கதையில் கடவுளைச் சென்னைக்கு வரவழைத்து, காப்பி குடிக்கவைத்து, வைத்தியப் பத்திரிகைக்குச் சந்தாவும் கட்டவைக்கிறார். என் ஓட்டு இவருக்கே.

மௌனியின் கதைகளைக் கேட்டால் மட்டும் தனிச் சலுகை. “ரெண்டு வாரம் வெச்சுக்கங்கம்மா, ஒரு வார வாடகை போதும்” என்றார் நடத்துபவர். ‘அழியாச்சுடர்’ எனக்கு முழுசாகப் பிடிபடவில்லை, திருப்பிக் கொடுக்கவும் மனசில்லை.

குறைகளும் உண்டு. ‘எழுத்து’ பத்திரிகை தொடங்கிய காலத்துக்கு, அதாவது 1959க்கு, அப்புறம் அலமாரி மெலிந்துவிடுகிறது. ஆர். சூடாமணி எங்கே, அம்பை எங்கே என்று கேட்டேன். “வாங்கணும்மா” என்கிறார், போன மழைக்காலத்திலிருந்து. ஈரத்தில் தாள்கள் ஒட்டிக்கொள்கின்றன. பூஞ்சைக்கு அலமாரியில் நீலகிரித் தைலம் தடவுவதால் புத்தகமெல்லாம் ஜலதோஷ வாசனை. ஒரு பழைய தொகுப்பில் ஒரு கதையின் கடைசித் தாளே இல்லை. அதற்கு முந்தைய பக்கத்தின் அடியில் யாரோ பென்சிலில் ‘அருமையான முடிவு’ என்று எழுதியிருக்கிறார்.

திங்கட்கிழமை விடுமுறை. துணிப்பை எடுத்துப் போங்கள். இந்த மாவட்டத்தில் பிளாஸ்டிக் கவர் கிடைக்காது.