கேபினெட்டின் முன்பக்க யூஎஸ்பி: பணம் கொடுக்கும் முன் பக்க மூடியைத் திறக்கச் சொல்லுங்கள்

மகளின் கல்லூரிப் படிப்புக்காகச் சென்னை ரிச்சி தெருவில் ஒரு கடையில் டெஸ்க்டாப் ஒன்றை அசெம்பிள் செய்து வாங்கினேன். முன்பக்கத்தில் நீல நிற யூஎஸ்பி 3.0 போர்ட் இரண்டு இருந்த ஒரே காரணத்துக்காக 600 ரூபாய் கூடுதலாகக் கொடுத்து அந்தக் கேபினெட்டை, அதாவது கணினிப் பாகங்களை வைக்கும் பெட்டியை, தேர்ந்தெடுத்தேன். அந்த 600 ரூபாய்க்கு எனக்குக் கிடைத்தது நீல நிறம் மட்டும்தான்.

முதல் வாரம் எதுவும் தெரியவில்லை. எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்கில் இருந்த குடும்பப் படங்களைப் புதிய கணினிக்கு மாற்றும்போதுதான், முன்பக்க போர்ட்டில் வேகம் வினாடிக்கு 38 எம்பியைத் தாண்டவில்லை என்பதைக் கவனித்தேன். அதே டிஸ்கைப் பின்பக்கத்தில் செருகியதும் 110 எம்பிக்கு ஏறியது. யூஎஸ்பி 3.0இன் வேகம் வினாடிக்கு 5 கிகாபிட், 2.0இன் வேகம் 480 மெகாபிட் (எட்டு மெகாபிட் சேர்ந்தது ஒரு மெகாபைட், அதாவது எம்பி), அதுவும் நடைமுறையில் 40 எம்பியை ஒட்டி நின்றுவிடும். ஆகவே 38 என்ற எண்ணைப் பார்த்ததுமே எங்கோ 2.0 நுழைந்திருக்கிறது என்று புரிந்துவிட்டது.

பக்க மூடியைக் கழற்றிப் பார்த்தேன். முன்பக்கத்திலிருந்து வரும் தடித்த யூஎஸ்பி 3.0 கேபிள், மதர்போர்டில் தனக்கென்று இருக்கும் 19 பின் ஹெடருக்கு (ஊசி போன்ற பின்கள் நிற்கும், கேபிளைச் செருகும் இடம்) போகாமல், விரல்நுனி அளவுள்ள ஒரு கறுப்புக் கன்வெர்ட்டர் வழியாக அடியிலிருந்த 9 பின் யூஎஸ்பி 2.0 ஹெடரில் செருகப்பட்டிருந்தது. கன்வெர்ட்டர் கண்ணில் படாதபடி அதன்மேல் எஸ்எம்பிஎஸ் (கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டி) வயர்களைச் சுருட்டி டேக் போட்டிருந்தார்கள். 19 பின் ஹெடர் காலியாக இருந்தது. டார்ச் அடித்துப் பார்த்தபோது ஒரே வரிசையில் இரண்டு பின்கள் சாய்ந்து, ஒன்றன்மேல் ஒன்று படுத்திருந்தன.

அந்த ஹெடரின் ஒவ்வொரு வரிசையும் ஒரு போர்ட்டுக்கு உரியது; அதிவேகத்துக்கான கம்பிகளும் பழைய 2.0க்கான இரண்டு கம்பிகளும் அதற்குள்ளேயே இருக்கின்றன. கன்வெர்ட்டர் போட்டால் பழைய கம்பிகளும் மின்சாரமும் மட்டுமே போய்ச் சேரும் என்பதால், மவுஸும் பென்டிரைவும் வழக்கம்போல் வேலை செய்யும். வாங்கியவருக்குச் சந்தேகமே வராது. 3.0 ஹெடர் இல்லாத பழைய போர்டுக்குக் கன்வெர்ட்டர் போடுவதில் தவறொன்றும் இல்லை. இங்கே நடந்தது, கடைக்காரர் தன் கையால் வளைந்த பின்னை மறைத்தது. பின்களுக்கு நடுவே 2 மில்லிமீட்டர்தான் இடைவெளி, கேபிளோ விறைப்பானது. கிராபிக்ஸ் கார்டு, வயர் எல்லாம் மாட்டிய பிறகு நெருக்கத்தில் கையை நுழைத்துச் சாய்வாக அழுத்தினால் வளையத்தான் செய்யும். வளைந்ததும் என்னிடம் சொல்லியிருந்தால் அன்றைக்கே வேறு போர்டு கேட்டிருப்பேன், அல்லது விலையைக் குறைத்துப் பேசியிருப்பேன்.

கடைக்குப் போனேன். "முன்னாடி போர்ட்டெல்லாம் சும்மா பென்டிரைவுக்குத்தான் சார்" என்று தொடங்கிய இளைஞர், வளைந்த பின்னைக் காட்டியதும், "நாங்க குடுக்கும்போது நல்லாத்தான் சார் இருந்தது, வீட்ல யாராவது திறந்தீங்களா?" என்று கேட்டார். மூடியைத் திறந்தது நான்தான். அதற்கு மேல் என்ன பேசுவது? போர்டு நிறுவனத்தின் சர்வீஸ் சென்டரிலும் பின் வளைந்தது வெளிச்சேதம், வாரண்டிக்குள் வராது என்று சொல்லிவிட்டார்கள்.

ஆகவே, கடையில் அசெம்பிள் செய்து வாங்குகிறவர்கள், போர்டைப் பெட்டியிலிருந்து எடுத்தவுடன் அந்த 19 பின் ஹெடரை நேர்மேலிருந்து ஒரு படம் எடுத்துவைத்துக்கொள்ளுங்கள்; கிராபிக்ஸ் கார்டை மாட்டும் முன்பே முன்பக்க யூஎஸ்பி கேபிளைச் செருகச் சொல்லுங்கள்; வேலை முடிந்ததும் மூடி திறந்திருக்கும்போதே அந்தக் கேபிள் எங்கே முடிகிறது என்று விரலால் தொடர்ந்து பாருங்கள். யூஎஸ்பி 3.0 பென்டிரைவ் ஒன்றைக் கையோடு கொண்டுபோய் 2 ஜிபி அளவுள்ள ஒரு கோப்பை முன்பக்க போர்ட்டிலும் பின்பக்க 3.0 போர்ட்டிலும் செருகி நகலெடுத்துப் பார்ப்பது நல்லது. இரண்டு இடத்திலும் வேகம் ஏறத்தாழ ஒன்றாக இருக்க வேண்டும். எழுதும் வேகம் சில பென்டிரைவ்களில் மந்தமாகவே இருக்கும் என்பதால், அதிலிருந்து கணினிக்கு நகலெடுத்துச் சோதியுங்கள். பணத்தை அதன் பிறகு எண்ணிக் கொடுக்கலாம்.

கடைசியில், எங்கள் பகுதியில் மொபைல் பழுது பார்க்கும் ஒருவர், பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு ஊசிமுனையால் அந்தப் பின்களை நிமிர்த்தித் தந்தார். கூலி 200 ரூபாய். ஒன்று நிமிர்ந்தது, மற்றொன்று அடியோடு முறிந்துவிட்டது. வலப்பக்க போர்ட் இப்போது முழு வேகத்தில் ஓடுகிறது. இடப்பக்கத்து நீல போர்ட்டில் கீபோர்டைச் செருகி வைத்திருக்கிறோம்.