டெலவேர்–ஹட்சனா, ரெடிங்கா?

பென்சில்வேனியாவின் ஆந்த்ரசைட் எனும் கடின நிலக்கரியை வெட்டி, தம் ரயிலிலேயே ஏற்றிச் சென்ற நிறுவனங்களுள் ஒன்றை மட்டும் ஆழ்ந்து படிக்க விரும்புவோர் இவ்விரண்டுக்கும் இடையே தயங்குவது இயல்பே.

தொடக்கம்: டெலவேர்–ஹட்சன், 1823இல் கால்வாய் நிறுவனம்.
ரெடிங், 1833இல் ரயில் நிறுவனமாகவே பிறந்தது.

தொழில்நுட்பம்: இதில் டெலவேர்–ஹட்சனுக்கு ஈடில்லை. 1829 ஆகஸ்ட் 8 அன்று ஹோன்ஸ்டேலில் ஹொரேஷியோ ஆலன் தனியாளாக ஓட்டிய ‘ஸ்டவர்பிரிட்ஜ் லயன்’ என்ற நீராவி எஞ்சின், இரும்புப் பட்டை அறைந்த மரத் தண்டவாளத்துக்கு மிகைப் பாரமாக இருந்ததால் ஒதுக்கப்பட்டது; நிலக்கரிப் பெட்டிகளோ, நிலையாக நிறுத்திய எஞ்சின்கள் வடத்தால் இழுக்க மேடேறி, சரிவில் தம் எடையாலேயே உருண்டு கால்வாயை அடைந்தன. ரெடிங்கில் இந்தச் சுவை குறைவு.

நிதியும் சட்டமும்: இங்கே ரெடிங்தான். தலைவர் பிராங்க்ளின் கோவன் 1871இல் துணை நிறுவனம் அமைத்து, கடன்மேல் கடன் வாங்கிச் சுரங்க நிலங்களை வளைத்தார். 1880இல் நிறுவனம் நொடித்தது. சுரங்கத்தையும் ரயிலையும் பிரிக்குமாறு அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1920இல் தீர்ப்பளித்தது.

முடிவு: ரெடிங் ரயில், 1976இல் அமெரிக்க அரசு அமைத்த ‘கான்ரெயில்’ ரயில் நிறுவனத்துக்கு.
டெலவேர்–ஹட்சன், 1991இல் கனடாவின் ‘கனேடியன் பசிபிக்’ ரயில் நிறுவனத்துக்கு.

பொறியியல் ஆர்வலர் டெலவேர்–ஹட்சனை எடுக்கலாம். ஐரிஷ் சுரங்கத் தொழிலாளரின் ரகசியக் குழு எனப்பட்ட ‘மாலி மகுவயர்ஸ்’ மீதான வழக்கில் கோவனே அரசுத் தரப்பில் வாதாடியதால், தொழிலாளர் வரலாறு தேடுவோருக்கு ரெடிங்கே பொருந்தும்.