மெயின்ஃபிரேம் நிரலை மேசைக் கணினியில் ஓட்ட க்னூகோபோல்

மெயின்ஃபிரேம் எனப்படும் பெருங்கணினிக்காகக் கோபோல் என்னும் நிரல்மொழியில் எழுதிய நிரலை மேசைக் கணினியிலும் தொகுத்துச் சோதிக்க விரும்புவோருக்கு, இலவசமாகக் கிடைக்கும் க்னூகோபோல் நம்பத்தக்க கருவி. இது நிரலை முதலில் சி மொழிக்கு மாற்றி, பிறகு கணினியிலுள்ள சி கம்பைலரை (தொகுப்பியை) கொண்டு தொகுக்கிறது. ஐபிஎம் நிறுவனத்தின் கோபோல் நடைக்கான அமைப்பைத் தேர்ந்தெடுத்தால், ஒவ்வொரு வரியும் 72ஆம் எழுத்திடத்தோடு முடியும் பழைய வடிவ நிரலையும், பல நிரல்கள் பகிர்ந்துகொள்ளும் வரிகளைக் கொண்ட காப்பிபுக்குகளையும் பெரும்பாலும் திருத்தமின்றி ஏற்கிறது.

தொல்லை நிரலில் இல்லை, தரவில்தான் இருக்கிறது. மெயின்ஃபிரேமின் எழுத்துக்குறியீடான எப்சிடிக் முறையில் இலக்கங்கள் எழுத்துகளுக்குப் பின்னும், மேசைக் கணினியின் ஆஸ்கி முறையில் எழுத்துகளுக்கு முன்னும் வரிசைப்படுவதால், ஒரே நிரல் இரண்டு இடங்களில் இரண்டு வரிசையைத் தரக்கூடும். காம்ப்-3 என்னும் அடக்கிய எண் வடிவப் புலங்கள் கொண்ட கோப்பொன்றை ஒருமுறை வெறும் உரையாகக் கருதி நான் எப்சிடிக்கிலிருந்து ஆஸ்கிக்குக் குறிமாற்றம் செய்தபோது, பெயர்களெல்லாம் ஒழுங்காகத் தெரிய, தொகைகள் மட்டும் சிதைந்துபோயின. ஒரு பைட்டில் இரண்டு இலக்கங்களை அடைத்துவைக்கும் புலத்தை எழுத்தாக எண்ணியது என் பிழையே அன்றி, கருவியின் பிழையன்று.

மெயின்ஃபிரேமில் திரைவழிப் பரிவர்த்தனைகளை நடத்தும் சிஐசிஎஸ் மென்பொருளின் கட்டளைகளை க்னூகோபோல் தானாகப் புரிந்துகொள்ளாது. ஆகவே, திரை சார்ந்த பகுதியைத் தனியே பிரித்து, கணக்கீட்டைத் துணைநிரல்களாக எழுதிவைத்திருப்பவர்களுக்கே இதன் முழுப் பயன் கிட்டும்.