டொயோட்டா ஹைலக்ஸ்: ஒரு குமிழும் இரண்டு மோட்டார்களும்

கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி முடித்த பிறகு, எங்கள் மிளகுத் தோட்டத்துக்குப் போய்ச் சேர இன்னும் ஒன்றரைக் கிலோமீட்டர் மண் பாதை இருக்கிறது. ஐப்பசி மழையில் அந்தச் செம்மண் ஊறிய சோப்புக் கட்டிபோல வழுக்கும். அந்தப் பாதைக்காகவே, 2022-ஆம் ஆண்டு இந்தியச் சந்தைக்கு வந்த ஹைலக்ஸ் பிக்கப்பை, கையால் கியர் மாற்றும் வகையில் வாங்கினேன். இருக்கை, பாட்டுப் பெட்டி பற்றி எனக்குச் சொல்ல அதிகம் இல்லை. இரண்டு மழைக்காலங்கள் ஓட்டிய பிறகு எழுதத் தோன்றுவது, டேஷ்போர்டில் இருக்கும் ஒரு குமிழைப் பற்றித்தான்.

அதில் மூன்று நிலைகள் உண்டு. ஹெச்2-வில் பின் சக்கரங்கள் மட்டும் இழுக்கும். ஹெச்4-இல் நான்கும் இழுக்கும். எல்4-இல் நான்கும் இழுப்பதோடு, வேகத்தைக் குறைத்து இழுவிசையைக் கூட்டும் லோ கியரும் சேர்ந்துகொள்ளும். பழைய ஜீப்புகளில் இந்த வேலைக்குக் கியர் தண்டின் பக்கத்தில் இன்னொரு தண்டு நிற்கும். சில வண்டிகளில் அதுவும் போதாது. கீழே இறங்கிச் சேற்றில் குந்தி, முன் சக்கரங்களின் நடுவில் இருக்கும் ஹப்பைக் கையால் திருகிப் பூட்டிவிட்டு வந்து ஏற வேண்டும். எங்கள் தோட்டத்தைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர் அப்படிப்பட்ட ஜீப் ஓட்டிப் பழகியவர் என்பதால், இந்தக் குமிழைப் பார்த்து, "ரேடியோவைத் திருப்புற மாதிரி இருக்கே தம்பி, இது இழுக்குமா?" என்றுதான் முதலில் கேட்டார்.

இழுப்பது குமிழ் அல்ல. அதைத் திருப்பும்போது கம்பியோ தண்டோ நகர்வதில்லை. ஒரு மின் சமிக்ஞை மட்டும் கட்டுப்பாட்டுக் கணினிக்குப் போகிறது. வண்டியின் வேகம் மாற்றத்துக்கு ஏற்றதாக இருந்தால், இன்ஜினின் விசையை முன், பின் சக்கரங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்பர் கேஸின் மேல் இருக்கும் சிறிய மோட்டாருக்கு அது உத்தரவு கொடுக்கிறது. அந்த மோட்டார் உள்ளே கியரை நகர்த்தும் கவையான ஷிஃப்ட் ஃபோர்க்கைத் தள்ள, முன் சக்கரங்களை நோக்கி விசையைக் கொண்டுபோகும், அதுவரை சும்மா கிடந்த முன்பக்கப் புரொப்பல்லர் ஷாஃப்ட் சுழலத் தொடங்குகிறது. இரண்டாவது மோட்டார் முன் டிஃபரன்ஷியலில், அதாவது இரு பக்கச் சக்கரங்களும் வெவ்வேறு வேகத்தில் சுழல இடம் கொடுத்து விசையைப் பிரிக்கும் கியர் தொகுதியில், இருக்கிறது. ஹெச்2-வில் ஓடும்போது, டிஃபரன்ஷியலிலிருந்து ஒரு பக்கச் சக்கரத்துக்குப் போகும் ஷாஃப்ட் துண்டித்தே வைக்கப்பட்டிருப்பதால், முன் சக்கரங்கள் உருண்டாலும் புரொப்பல்லர் ஷாஃப்ட் வீணாகச் சுற்றாது. நான்கு சக்கரத்துக்கு மாறும்போது வேகங்கள் ஒத்துவந்த பிறகு இந்த மோட்டார் அந்தத் துண்டிப்பை இணைத்துவிடுகிறது. சேற்றில் குந்தி ஹப் பூட்டிய வேலை இதுதான். எல்லாம் முடியும்வரை மீட்டரில் விளக்கு மினுங்கிக்கொண்டிருக்கும். அது நிலையாக எரிந்தால்தான் இணைந்துவிட்டதாக அர்த்தம். குமிழ் எந்தப் பக்கம் நிற்கிறது என்பதை நம்பாமல் விளக்கை நம்ப வேண்டும் என்பது இந்த வண்டி எனக்குக் கற்றுக்கொடுத்த முதல் பாடம்.

ஹெச்2-விலிருந்து ஹெச்4-க்கு மாற நிற்கத் தேவையில்லை. 100 கிலோமீட்டர் வேகத்துக்குள் நேராகப் போய்க்கொண்டிருந்தால் போதும். ஆனால் பின் சக்கரம் சேற்றில் சுழலத் தொடங்கிய பிறகு பதறிப்போய்த் திருப்பக் கூடாது. முன்னும் பின்னும் வெவ்வேறு வேகத்தில் சுற்றும்போது பல்லோடு பல் பொருந்தாது. சேறு தொடங்குவதற்கு முன்பே, பலா மரத்தடியில், நான் மாற்றிவிடுகிறேன்.

எல்4-க்கு வண்டி முழுதாக நிற்க வேண்டும். கிளட்சை மிதித்து, நியூட்ரலில் வைத்துத் திருப்பினால், காலடியில் 'டக்' என்று ஒரு சத்தம் கேட்கும். அதன் பிறகு சக்கரத்துக்குப் போகும் இழுவிசை சுமார் இரண்டரை மடங்காகிவிடுகிறது. ஆனாலும் நான் இதை மெச்சுவது ஏற்றத்துக்காக அல்ல, இறக்கத்துக்காக. உர மூட்டைகளோடு வழுக்குச் சரிவில் இறங்கும்போது, முதல் கியரில் விட்டுவிட்டுப் பிரேக்கிலிருந்து காலை எடுத்துவிட்டால், வண்டி நடைவேகத்தில் தானாகப் படியிறங்குவதுபோல் இறங்குகிறது. பிரேக்கை அழுத்திச் சக்கரம் சறுக்கிய பழைய அனுபவம் உள்ளவர்களுக்கு இதன் அருமை புரியும்.

ஒருமுறை ஹெச்4-இலேயே ஊருக்குள் வந்து, காய்ந்த சிமென்ட் தரையில் ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்துத் திருப்பினேன். பின்னால் யாரோ பிடித்து இழுப்பதுபோல் வண்டி முக்கிக்கொண்டு நின்றது. தப்பு என்னுடையது. வளைவில் முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிட அதிக தூரம் போக வேண்டும். முன்னையும் பின்னையும் ஒரே வேகத்தில் பூட்டிவிடும் இந்த வகை அமைப்பில் அந்த வித்தியாசத்தை வாங்கிக்கொள்ள நடுவில் டிஃபரன்ஷியல் கிடையாது. மண்ணில் டயர் லேசாகச் சறுக்கி அதைச் சரிக்கட்டும்; காய்ந்த தரையில் அந்த முறுக்கு ஷாஃப்டிலேயே தங்கிவிடும். ஹெச்2-வுக்குத் திருப்பியும் விளக்கு மினுங்கிக்கொண்டே இருந்தது. ஸ்டியரிங்கை நேராக்கிப் பத்தடி ரிவர்ஸ் வந்ததும் முறுக்கு தளர்ந்து, கியர் விலகி, விளக்கு அணைந்தது. தண்டு வைத்த வண்டியாக இருந்திருந்தால், தண்டு அசைய மறுத்ததுமே கைக்கு விஷயம் புரிந்திருக்கும். இந்தக் கை உணர்வு இல்லாதது எல்லாக் குமிழ் வண்டிகளுக்கும் பொதுவானது. சேற்றில் குந்தாமல் தப்பியதற்கு நாம் கொடுக்கும் விலை என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

இந்தியாவில் ஹைலக்ஸ் நான்கு சக்கர இயக்கத்தோடு மட்டுமே வருகிறது. மண் பாதையே மிதிக்காதவர் அதற்கும் சேர்த்துப் பணம் கொடுப்பதில் எனக்கு நியாயம் தெரியவில்லை. முன்பக்கப் பாகங்களில் எண்ணெய் படிந்திருக்க, மாதம் 16 கிலோமீட்டராவது நான்கு சக்கரத்தில் ஓட்டச் சொல்கிறது கையேடு. காய்ந்த தார்ச்சாலையில் அதைச் செய்ய முடியாது என்பதால், தோட்டத்தில் வேலையே இல்லாத கோடை மாதங்களிலும் அந்த ஒன்றரைக் கிலோமீட்டரை ஆறு முறை ஏறி இறங்குகிறேன். பெரியவர் திண்ணையில் உட்கார்ந்தபடி எண்ணிக்கொண்டிருப்பார்.