சாய்ந்த கடைவாய்ப்பல்: சுருள்கம்பியா, திருகா?

கீழ்க் கடைவாய்ப்பல் ஒன்றைப் பிடுங்கிவிட்டு இடத்தைக் காலியாகவே விட்டால், பின்னால் உள்ள பல் காலப்போக்கில் முன்பக்கம் சாய்ந்துவிடும். அங்கே செயற்கைப் பல் பொருத்துவதற்கு முன் அதை நிமிர்த்த வேண்டும்.

சுருள்கம்பி பழைய முறை. சாய்ந்த பல்லில் ஒட்டிய சிறு குழாயில் ஒரு முனையைச் செருகி, மறுமுனைக் கொக்கியை முன்பக்கப் பற்களின் கம்பியில் மாட்டுவார்கள். செலவு குறைவு. ஆனால் பல் நிமிரும்போதே மேலெழும்பும். மேல்பல்லில் இடிக்கும், அவ்வப்போது உச்சியை ராவ வேண்டிவரும். பிடிமானம் தரும் முன்பக்கப் பற்களும் நகரப் பார்க்கும்.

திருகு முறையில், மரத்துப்போக ஊசி போட்டு, தாடை எலும்பில் சிறு திருகைப் பதித்து அதிலிருந்தே பல்லை இழுக்கிறார்கள். மற்ற பற்களுக்குத் தொந்தரவு குறைவு. சுற்றியுள்ள ஈறு வீங்கினால் திருகு ஆடிக் கழன்றுவிடலாம். புகையிலை அடக்கும் பழக்கத்தை விடாதவருக்கு இது வேண்டாம் என்பேன். மற்றவர்களுக்குத் திருகே என் தேர்வு.

மண்டபம், ராமேஸ்வரம் விசைப்படகுக்காரர்கள் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலத்தில் சிகிச்சையைத் தொடங்கலாம். அதற்குள் முடியாது, பல மாதங்கள் பிடிக்கும்; கடலுக்குப் போகத் தொடங்கிய பிறகும் மருத்துவரிடம் காட்டிக்கொண்டே இருக்க வேண்டும். பின்னால் ஞானப்பல் வழிமறித்தால், எந்த முறையானாலும் பெரும்பாலும் அதை முதலில் எடுத்துவிடுவார்கள்.