கறி அருமை, குக்கரை வாங்காதீர்கள்

அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் சார்லட்டில் இருக்கும் நண்பன் போன வாரம் ஒரு விளம்பரப் படத்தை அனுப்பி, "அண்ணா, நீங்க வச்சிருக்கிற அதே ஸ்லோ குக்கர், விலை நல்லா இறங்கியிருக்கு. புல்டு போர்க் செய்யத்தான். வாங்கிடட்டுமா?" என்று கேட்டிருந்தான். ஸ்லோ குக்கர் என்பது பல மணி நேரம் மிதமான சூட்டில் வேகவைக்கும் மின்சாரச் சட்டி; புல்டு போர்க் என்பது அப்படி வெந்து நார் நாராகப் பிய்த்த பன்றிக்கறி. ஆறு குவார்ட் கொள்ளளவு, நீள்வட்டப் பீங்கான் பாத்திரம், டிஜிட்டல் முகப்பு, நேரம் முடிந்ததும் தானாக, சூடு ஆறாமல் வைத்திருக்கும் 'வார்ம்' நிலைக்கு மாறும் வசதி. இதெல்லாம் பெட்டி மேலேயே அச்சடித்திருக்கிறார்கள், நான் திரும்ப எழுதப் போவதில்லை. அதே மாநிலத்தில் ராலே நகருக்குப் பக்கத்தில் கேரி என்ற ஊரில் எங்கள் வீட்டில் சில வருடங்களாக ஓடிக்கொண்டிருக்கும் கருவி இது. அவனுக்கு இரண்டு வரி பதில் போடத்தான் உட்கார்ந்தேன். இருக்கிற கோபத்துக்கு இரண்டு வரி போதவில்லை.

முதலில் கறியைப் பற்றி நியாயமாகச் சொல்லிவிடுகிறேன். புல்டு போர்க்குக்கு இதைவிடச் சுலபமான வழி எனக்குத் தெரியாது. கடையில் பாஸ்டன் பட் என்று கேட்டு வாங்க வேண்டும். பன்றியின் முன்னங்கால் தோளின் மேல்பகுதி அது. கொழுப்பும் ஜவ்வும் ஊடுருவி இருக்கும், விலையும் குறைவு. பார்க்க அழகாக இருக்கிறதே என்று லாயின் என்கிற கொழுப்பில்லாத முதுகுத் துண்டை வாங்கிப் போட்டால் வெந்தபின் சக்கைதான் மிஞ்சும்.

கொத்தாத முழுத் துண்டுப் பன்றிக்கறி 145 டிகிரி பாரன்ஹீட்டை எட்டி மூன்று நிமிடம் ஆறினாலே சாப்பிடப் பாதுகாப்பானது என்பது அமெரிக்க விவசாயத் துறையின் கணக்கு. ஆனால் தோள்கறியை அந்தச் சூட்டில் எடுத்தால் பல்தான் வலிக்கும். உள்ளே ஜவ்வில் இருக்கிற கொலாஜன் என்ற கெட்டியான புரதம் மெதுவாகக் கரைந்து ஜெலட்டினாக மாற வேண்டும், அதற்குச் சூடும் வேண்டும், பல மணி நேரமும் வேண்டும். 195-லிருந்து 205 டிகிரிக்குள் வந்தபிறகுதான் முள்கரண்டியால் இழுத்தால் நார் நாராகப் பிரியும். எலும்போடு வாங்கியிருந்தால் தெர்மாமீட்டர்கூடத் தேவையில்லை. எலும்பைப் பிடித்து இழுங்கள், கறி ஒட்டாமல் கையோடு வந்துவிட்டால் முடிந்தது.

இந்த வேலைக்கு ஸ்லோ குக்கர் சரியான ஆள். பெரும்பாலான கருவிகளில் 'லோ', 'ஹை' இரண்டும் கடைசியில் போய்ச் சேருவது ஏறக்குறைய ஒரே சூட்டுக்குத்தான், கொதிநிலைக்குச் சற்றுக் கீழே. எவ்வளவு சீக்கிரம் போய்ச் சேருகிறது என்பதில்தான் வித்தியாசம். நாலு பவுண்டு துண்டு 'லோ'வில் எட்டு முதல் பத்து மணி நேரம் எடுக்கும். பழுப்புச் சர்க்கரை, உப்பு, பாப்ரிகா, பூண்டுத்தூள், மிளகு ஆகியவற்றைக் கலந்து முந்தின நாளே தேய்த்துவிடுவேன். கொஞ்சம் சோம்பும் பொடித்துச் சேர்ப்பேன், அது என் பழக்கம், செய்முறையில் கிடையாது. அடியில் வெங்காயத்தை வட்டமாக அரிந்து பரப்பி, மேலே கறியை வைத்து மூடினால் வேலை முடிந்தது.

தண்ணீர் ஊற்றாதீர்கள். இதைப் பலபேர் நம்ப மாட்டார்கள், கையே தன்னால் டம்ளரைத் தேடிப் போகும். கறியே அவ்வளவு நீரை விடும். மூடியில் படிகிற ஆவியும் திரும்பச் சொட்டும், வெளியே போக வழியில்லை. அப்புறம், வெந்துவிட்டதா என்று திறந்து திறந்து பார்ப்பவர்கள் ஒரு தடவை திறந்தால் இருபது நிமிடமாவது கூடுதலாக வேகவைக்க வேண்டும் என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, கறிக்காக வாங்கிய குக்கரில் ஒருநாள் ராஜ்மாவும் போடலாமே என்று தோன்றும். ஊறவைத்த ராஜ்மாவை அடுப்பில் அரைமணி நேரம் நன்றாகக் கொதிக்கவிடாமல் இதில் போடவே கூடாது. அதிலுள்ள நச்சுப்புரதம் இந்த மிதமான சூட்டில் அழியாமல் நின்றுவிடும், வாந்தியில் கொண்டுபோய் விடும்.

சரி, இது பார்பெக்யூவா? இல்லை. வட கரோலினாவில் உட்கார்ந்துகொண்டு இதைப் பார்பெக்யூ என்று சொன்னால் பக்கத்து வீட்டுக்காரர் பேசுவதை நிறுத்திவிடுவார். மாநிலத்தின் கிழக்கில் முழுப் பன்றியை விறகுத் தணலில் இரவெல்லாம் வாட்டி, வினிகரும் மிளகாயும் கலந்து கொத்துவார்கள். ஏய்டன் என்ற சின்ன ஊரில் 1947-லிருந்து இருக்கிற ஸ்கைலைட் இன் கடையில் மொறுமொறு தோலையும் கறியோடு சேர்த்துக் கொத்திக் கொடுப்பதைச் சாப்பிட்டுவிட்டு வந்தால், வீட்டுக் குக்கரைப் பார்க்கவே கொஞ்சம் கூச்சமாக இருக்கும். மேற்கே லெக்சிங்டனில் தோள்பகுதி மட்டும்தான், வினிகரில் கொஞ்சம் கெட்சப்பும் சேரும். புகை என்கிற சமாச்சாரமே என் குக்கரில் இல்லை. பாட்டிலில் விற்கிற திரவப் புகையை ஊற்றிச் சரிக்கட்டலாம் என்பார்கள், எனக்கு அதில் மருந்து வாடைதான் தெரிகிறது.

புகை இல்லாவிட்டாலும் மொறுமொறுப்பைக் கொண்டுவர முடியும். பிய்த்த கறியைத் தட்டில் பரப்பி, சாற்றில் இரண்டு கரண்டி தெளித்து, ஓவனில் மேல்சூட்டில் ஐந்து நிமிடம் வையுங்கள். ஓரங்கள் கருகினாற்போல் சிவந்து வரும். அதன்மேல் ஆப்பிள் சைடர் வினிகர், உப்பு, கொஞ்சம் சர்க்கரை, உலர்ந்த மிளகாய்ச் செதில் கலந்த கிழக்குக் கரோலினா சாஸ். கொழுப்பும் புளிப்பும் சேரும் அந்த இடம் இருக்கிறதே, இனிப்பாகக் கொழகொழவென்று வரும் புட்டி சாஸ்களெல்லாம் இதன் பக்கத்தில் நிற்க முடியாது. பன்னில் வைத்து முட்டைக்கோஸ் சாலட்டோடு சாப்பிடுவது ஊர் வழக்கம். மிஞ்சியதை மறுநாள் இரும்புச் சட்டியில் சின்ன வெங்காயம், கறிவேப்பிலை, இடித்த மிளகு போட்டுச் சுண்ட வறுத்து ரசம் சோற்றுக்குத் தொட்டுக்கொள்வது எங்கள் வீட்டு வழக்கம். இரண்டாவதற்காகத்தான் முதலாவதையே செய்கிறோம் என்று என் மனைவி சொல்வாள். அடியில் நிற்கும் சாற்றைக் கொட்டிவிடாதீர்கள். ஃப்ரிட்ஜில் ஒரு ராத்திரி வைத்தால் மேலே கொழுப்பு வெள்ளையாக உறைந்துவிடும், அதை எடுத்துவிட்டால் கீழே கட்டியான ஜெல்லி. நான் எதிர்பாராமல் கிடைத்த லாபம் அதுதான். ஒரு கரண்டி போட்டால் எந்தக் குழம்பும் கனத்துவிடும்.

இவ்வளவு நல்லது செய்கிற கருவி மேல் எனக்கு என்ன கோபம்?

மின்சாரம் ஒரு நொடி சிமிட்டினால் போதும், இது அணைந்துவிடும். அணைந்தது அணைந்ததுதான். மின்சாரம் திரும்பி வந்தாலும் விட்ட இடத்திலிருந்து தொடராது. முகப்பில் கோடுகள் மின்னிக்கொண்டு, யாராவது வந்து பொத்தானை அழுத்தட்டும் என்று காத்திருக்கும். எங்கள் பக்கத்தில் கோடைக்கால இடிமழைக்கு, பைன் மரக்கிளை கம்பியில் உரசினால் விளக்கு சிமிட்டுவது சர்வசாதாரணம். முழு மின்வெட்டுக்கூட இல்லை, இமைக்கிற நேரம்தான். டிவி பெட்டி தானாக எழுந்துகொள்கிறது, வைஃபை எழுந்துகொள்கிறது, பீங்கான் சட்டியைச் சூடாக்குவது ஒன்றையே வேலையாக வைத்திருக்கும் இதற்கு மட்டும் நினைவு தப்பிவிடுகிறது.

போன மாதம் ஞாயிறு மதியத்துக்கு விருந்தாளிகள் வருகிறார்கள் என்று சனி இரவு படுக்கப் போகுமுன் பெரிய துண்டாக, எட்டுப் பவுண்டுக்குக் கிட்ட, இரண்டாக வெட்டி வைத்துவிட்டுப் படுத்தோம். காலையில் எழுந்து வந்தால் வாசனையே இல்லை. ஓவன் கடிகாரம் 12:00-லிருந்து புதிதாக ஓட ஆரம்பித்து 5:40 காட்டியது. அதாவது மின்சாரம் வந்து ஐந்து மணி நேரம் நாற்பது நிமிடம் ஆகியும் குக்கர் சும்மா கிடந்திருக்கிறது. கறிக்குள் தெர்மாமீட்டரைக் குத்தினேன், 98 டிகிரி பாரன்ஹீட், காய்ச்சல் இல்லாத மனுஷனின் உடம்புச் சூடு. 40-லிருந்து 140 டிகிரி வரைதான் கிருமி பெருகும் எல்லை, அதற்குள் இரண்டு மணி நேரத்துக்கு மேல் கிடந்த கறியைத் திரும்பக் கொதிக்கவைத்தாலும் சில கிருமிகள் விட்டுப்போன நஞ்சு போகாது. அப்படியே குப்பைக்குப் போனது. விருந்துக்கு பீட்சா வந்தது.

வாடிக்கையாளர் சேவையில் கேட்டால், இது குறை இல்லை, பாதுகாப்பு வசதி என்கிறார்கள். யோசித்தால் அதிலும் ஒரு நியாயம் இருக்கத்தான் செய்கிறது. மின்சாரம் எத்தனை மணி நேரம் போயிருந்தது என்று கருவிக்குத் தெரியாது. நாலு மணி நேரம் ஆறிக்கிடந்த கறியைத் தானாகத் திரும்பச் சூடாக்கி, ஒன்றுமே நடக்காததுபோல் நமக்குக் கொடுத்துவிட்டால் அது இன்னும் ஆபத்து. சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரு நொடிச் சிமிட்டலுக்கும் நாலு மணி நேர இருட்டுக்கும் வித்தியாசம் கண்டுபிடிப்பது அவ்வளவு பெரிய வித்தையா? மின்சாரத்தைக் கொஞ்சம் தேக்கி வைக்கிற, காசுக்கு இரண்டு கிடைக்கிற கெப்பாசிட்டர் ஒன்று அந்த ஒரு நொடியைத் தாங்கியிருக்கும். குறைந்தபட்சம், அணைந்துபோனதை ஒரு 'பீப்' அடித்துச் சொல்லலாம் இல்லையா? நேரம் முடிந்ததும் வீடே எழுந்திருக்கிற மாதிரி அலறத் தெரிகிறது, செத்துப்போனதைச் சொல்ல மட்டும் வாய் வரவில்லை.

இந்தக் கருவி பிறந்த கதையை நினைத்தால் எரிச்சல் இன்னும் கூடுகிறது. சிகாகோவில் இருந்த இர்விங் நாக்சன் என்பவர் 1940-இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். ஆசாரமான யூதர்கள் ஓய்வுநாளில் அடுப்பைத் தொடமாட்டார்கள். அதனால் முந்தின மாலையே சோலன்ட் என்ற பயறும் கறியும் கலந்த குழம்பை ரொட்டிக்கடை அடுப்பின் மிச்சச் சூட்டில் வைத்துவிட்டு மறுநாள் எடுப்பார்கள். தன் அம்மா சொன்ன அந்தக் கதையிலிருந்துதான் அவருக்கு யோசனை வந்தது. 1970-இல் ரைவல் நிறுவனம் அவருடைய நிறுவனத்தை வாங்கி, மறுவருடம் இந்தக் கருவியைக் கிராக்-பாட் என்று பெயர் மாற்றி விற்றது. அதில் நாம் யூதர்களுக்கு விலக்கான பன்றிக்கறியை வேகவைப்பது வேறு விஷயம். தொடாமல் விட்டுவிட்டுப் போகலாம் என்பதுதான் மொத்த வாக்குறுதியே. அந்த ஒன்றைத்தான் டிஜிட்டல் முகப்பைப் போட்டுக் கெடுத்து வைத்திருக்கிறார்கள். குமிழைத் திருகும் பழைய மாடலில் மின்சாரம் வந்தவுடன் அது தன்பாட்டுக்குத் திரும்பச் சூடாகும். முழு இரவு இருட்டென்றால் அதுவும் ஆபத்துதான், ஆனால் இமைப்பொழுதுச் சிமிட்டலுக்கு அதற்கு ஒரு சேதமும் இல்லை.

2012-இல் திருச்சியில் ஒரு நாளைக்கு எத்தனை தடவை மின்சாரம் போகும் என்று விரல் விட்டு எண்ணியவன் நான். அங்கே யாராவது இப்படி ஒரு மிக்ஸியைச் செய்து விற்றிருந்தால் முதல் வாரத்திலேயே கடைக்காரரிடம் திரும்பி வந்திருக்கும். இப்போது இதற்கென்று ஒரு யூபிஎஸ் வாங்கலாமா என்றுகூடப் பார்த்தேன். குக்கர் இழுப்பது 250 வாட்டுக்குப் பக்கம்தான், ஒரு நொடியைத் தாங்க நடுத்தர யூபிஎஸ் போதும். ஆனால் சூடாக்கும் கருவிகளை மாட்டாதீர்கள் என்று அதன் கையேட்டிலேயே போட்டிருக்கிறது. சட்டி வாங்கிய விலைக்குமேல் அதற்குக் காவல் போடுவதா என்று வீட்டிலும் கேள்வி வந்தது.

ஆகவே தம்பி, வாங்காதே. கறி நன்றாக வருகிறது, பீங்கான் பாத்திரத்தில் இதுவரை ஒரு கீறல் இல்லை, கழுவவும் சுலபம். இருந்தாலும் இந்த மாதம் என்னிடம் கேட்டால் பதில் இதுதான். விலை இறங்கியதற்கும் காரணம் இருக்கும். பழைய சாமான் கடைகளில் லோ, ஹை, வார்ம் என்று மூன்றே குறி போட்ட குமிழ் மாடல் சல்லிசாகக் கிடைக்கும், அதைத் தேடு. எடுத்துவந்ததும் கறி போடாமல் முதலில் ஒரு சோதனை செய்: பாதி அளவுக்குத் தண்ணீர் ஊற்றி, மூடி, 'லோ'வில் எட்டு மணி நேரம் வைத்துவிட்டு, மூடியைத் திறந்த உடனே தெர்மாமீட்டரை விட்டுப் பார். 185-லிருந்து 200 டிகிரிக்குள் இருக்க வேண்டும். அதற்குக் கீழே இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடு.